பத்துப் படம் போட்ட அட்டை

கை மரத்துப் போச்சா சார்? இல்ல, நாச்சியார்கோயில்லேர்ந்து பாக்கறேன், உதறிக்கிட்டே வர்றீங்க. கம்ப்யூட்டர்ல தட்டுற வேலையா? அதானே பாத்தேன். கட்டை விரலுக்குக் கீழ, இந்த இடத்துல, சுருக்குனு வருதா? வரலேன்னா சரி. வந்தாலும் நான் என்ன செய்யப் போறேன், சும்மாதான் கேக்கறேன்.

தவில் முட்டியில இடிக்குதா? இருங்க, இப்படி நகத்திக்கறேன். இன்னைக்குக் காலையில கும்பகோணத்துல முகூர்த்தம். மத்தவங்க வேன்ல ஊருக்குப் போயிட்டாங்க. நான் குடவாசல்ல எறங்கணும், அங்க தங்கச்சி வீடு. அதான் பஸ்ஸைப் புடிச்சேன்.

தவில்னா எப்பவும் ஜோடி சார். ரெண்டு பேர் ஒக்காந்தாத்தான் மேளம் நிரம்பும். எனக்கு ஜோடி என் மாப்பிள்ளை, அதாவது தங்கச்சி தையல்நாயகியோட வீட்டுக்காரரு. உத்திராபதின்னு பேரு. பதினாலு வருஷம் ஒண்ணா வாசிச்சோம். அவரு குச்சியை எங்க எடுப்பாரு, எங்க விடுவாருன்னு நான் திரும்பிப் பாக்கவே வேணாம். இப்ப அவரு வாசிக்கறதில்ல.

எல்லாம் அந்த ஏசியால வந்தது. இதை நான் யார்கிட்ட வேணாலும் சொல்லுவேன். கல்யாண மண்டபத்துல ஏசின்னு ஒண்ணு வராம இருந்திருந்தா என் மாப்பிள்ளை இன்னைக்கு என் பக்கத்துல ஒக்காந்திருப்பாரு.

போன வருஷம் ஆடி மாசம் அவருக்கு இடது கையில வலி ஆரம்பிச்சுது. வலது கையில நாங்க விரலுக்கு விரல் கூடு மாட்டிக்குவோம், துணியைப் பசையில நனைச்சுச் சுத்திக் காய வச்சது. இடது கையிலதான் குச்சி. குச்சியைப் புடிக்கறது கட்டை விரல். அந்தக் கட்டை விரலுக்குப் பின்னாடி, மணிக்கட்டுக்கிட்ட வலி. என்கிட்ட சொல்லல. எங்க தொழில்ல கை வலிக்குதுன்னு யாரு சொல்லுவா? என் தங்கச்சிகிட்டதான் சொல்லியிருக்காரு. அவ திருவாரூர்ல ஒரு பிசியோதெரபி பொண்ணுகிட்ட கூட்டிட்டுப் போயிருக்கா.

அந்தப் பொண்ணு தவிலைக் கொண்டாரச் சொல்லி, வாசிக்கச் சொல்லிப் பாத்துச்சாம். வாசிக்கறதுக்கு முன்ன என்ன பண்ணுவீங்கன்னு கேட்டுச்சாம். இவரு, வாரை இழுத்துக் கட்டுவேன், தட்டிப் பாப்பேன், மறுபடி இழுப்பேன், அரை மணி நேரம் ஆகும்னு சொல்லியிருக்காரு. அதுக்கு அது, தவிலுக்கு அரை மணி நேரம் பண்றீங்க, கைக்குப் பத்து நிமிஷம் கிடையாதான்னு கேட்டுச்சாம். கேட்டுட்டு ஒரு தாள் குடுத்துச்சு. அதுல பத்துப் படம். கழுத்தைத் திருப்பறது, தோளைச் சுத்தறது, முழங்கை, மணிக்கட்டு, அப்பறம் விரல் விரலா. கடைசிப் படம் கட்டை விரலைத் தூக்கி நிறுத்தறது. வெதுவெதுன்னு தண்ணியில கையை வச்சுட்டு, இந்தப் பத்தையும் செஞ்சுட்டு, மெதுவா ஆரம்பிச்சு அப்பறம் வேகத்துக்குப் போகணும். நடுவுல வலிச்சா நிறுத்திடணும். இதுதான் அந்தப் பொண்ணு சொன்னது. தங்கச்சி தையலு அந்தத் தாளுக்கு பிளாஸ்டிக் உறை போட்டு அட்டையாக்கிக் குடுத்துட்டா. அவரு அதைத் தவில் உறைக்குள்ள, கூடும் குச்சியும் வைக்கற பையில வச்சுக்கிட்டாரு.

நியாயமான பேச்சுதான், நான் இல்லேங்கல. ஆனா அந்தப் பொண்ணுக்குக் கெட்டிமேளம் தெரியாது சார்.

நீங்க கல்யாணத்துல பாத்திருப்பீங்க, கவனிச்சிருக்க மாட்டீங்க. நாங்க பாட்டுக்கு நிதானமா வாசிச்சுக்கிட்டிருப்போம், இல்ல சும்மா ஒக்காந்திருப்போம். ஐயரு கையைத் தூக்குவாரு. யாரோ ஒருத்தரு கெட்டிமேளம் கெட்டிமேளம்னு விரலை ஆட்டுவாரு. அந்த நொடியில ரெண்டு தவிலும் உச்சத்துக்குப் போயாகணும். தாலி ஏறும்போது தும்மல் கேக்கக் கூடாது, அபசகுனமா ஒரு வார்த்தை விழக் கூடாது, எல்லாத்தையும் நாங்க அமுக்கணும். எப்ப கூப்பிடுவாங்கன்னு எங்களுக்கே தெரியாது. சாமி, கொஞ்சம் பொறுங்க, தவில்காரரு தோளைச் சுத்திக்கிட்டு இருக்காருன்னு ஐயர்கிட்ட போய்ச் சொல்ல முடியுமா?

மாப்பிள்ளை சுபாவம் எப்படின்னா, ஒண்ணு சொல்லிட்டா சொன்னபடி செய்யணும். படத்தைப் பாத்து வரிசையா செய்யுங்க, தப்பா முறுக்கினா இருக்கற வலி கூடிடும்னு அந்தப் பொண்ணு சொல்லியிருக்கு. அதனால அட்டையை எதுலயாவது சாய்ச்சு வச்சுட்டு, ஒவ்வொரு படமா குனிஞ்சு பாத்துப் பாத்து செய்வாரு. ஆறு மாசம் செஞ்சும் பாக்காம செய்ய மாட்டாரு. எனக்கு ரெண்டே வாரத்துல பத்தும் மனப்பாடம்.

முதல் தடவை மாயவரத்துல ஒரு மண்டபம். சாப்பாட்டுக்கூடத்துக்குப் பின்னாடி கை கழுவற இடம். சமையக்காரர்கிட்ட ஒரு வாளி சுடுதண்ணி கேட்டு வாங்கி, கையை முக்கி வச்சுக்கிட்டு நிக்கறாரு. அப்பறம் தோளைச் சுத்தறாரு, கையை உதறறாரு. டிபன் சாப்பிட்டுக் கை கழுவ வர்றவங்க எல்லாரும் பாக்கறாங்க. வீடியோக்காரன் அதையும் எடுத்துட்டான். பொண்ணோட பெரியப்பா என்னைத் தனியாக் கூப்பிட்டு, ஏங்க, உங்க ஆளுக்கு வலிப்பு கிலிப்பு வருமான்னு கேக்கறாரு. எனக்கு எப்படி இருந்திருக்கும்? எங்கப்பா காலத்துலேர்ந்து எங்க மேளத்துக்குன்னு ஒரு பேரு இருக்கு சார். பக்கத்துலயே நின்னுக்கிட்டு, அதெல்லாம் இல்லீங்க, நல்ல ஆளுதாங்கன்னு அவருகிட்ட கெஞ்சற மாதிரி ஆயிப்போச்சு.

வீட்டுலயே செஞ்சுட்டு வந்துடுங்க மாப்பிள்ளைன்னு சொன்னேன். வேன்ல ரெண்டு மணி நேரம் வந்தா மறுபடி விறைச்சுடுது மச்சான்னாரு. சரி, யாரு கண்ணுலயும் படாம செய்யுங்கன்னேன். அடுத்த தடவை ஜெனரேட்டருக்குப் பின்னாடி போனாரு. அதுக்கடுத்தது பாத்திரம் தேய்க்கற இடம். எங்க போனாலும் யாராவது பாத்துடுவாங்க. வேடிக்கை பாக்கத்தானே எல்லாரும் கல்யாணத்துக்கு வர்றாங்க.

நமக்குக் கொஞ்சம் நையாண்டி வரும் சார். ஒரு நாள் மன்னார்குடியில சாப்பாட்டுப் பந்தியில, நாயனக்காரரும் சமையக்காரங்களும் இருக்கும்போது, நான் எழுந்து அந்தப் பத்தையும் செஞ்சு காட்டினேன். ஒரு கையில அப்பளத்தை வச்சுக்கிட்டு அதைப் பாத்துப் பாத்து, இவரு அட்டையைப் பாப்பாருல்ல, அது மாதிரி. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அப்பறம் எங்க போனாலும் கேக்க ஆரம்பிச்சுட்டாங்க, அண்ணே அதைச் செய்யுங்கண்ணேன்னு. நான் அவரு நல்லதுக்குத்தான் பண்ணேன். நோயின்னு பேச்சு கிளம்பறதை விட, தமாஷுன்னு போனா நல்லதில்லையா? அவரும் சிரிச்சாரு. சிரிச்ச மாதிரிதான் இருந்துச்சு.

இந்த வைகாசியில ஒரு முகூர்த்தம். கும்பகோணத்துல பெரிய மண்டபம், புதுசு. மேளத்துக்குன்னு தனி மேடை போட்டிருந்தாங்க. நேர் மேல ஏசி. குளிர் அப்படியே முதுகுல எறங்குது. நான் மண்டபத்து ஆளுங்ககிட்ட, கொஞ்சம் திருப்பி வைங்கன்னு சொன்னேன், அது திரும்பாதுங்கன்னுட்டாங்க. பெரிய இடத்துச் சம்பந்தம், வந்திருந்ததெல்லாம் பெரிய மனுஷங்க. அன்னைக்கு எங்க மேளம் கௌரவமா இருக்கணும்னு நான் நினைச்சது தப்பா?

அன்னைக்குன்னு பாத்து அட்டையைக் காணோம்.

மாப்பிள்ளை தவில் உறையைத் திருப்பித் திருப்பித் தேடறாரு. கூடு வைக்கற டப்பாவைக் கொட்டிப் பாக்கறாரு. வேன் வரைக்கும் போய் சீட்டுக்கு அடியில பாத்துட்டு வந்தாரு. பாக்காமச் செய்யுங்களேன்னு நாயனக்காரரு சொன்னாரு. இல்லீங்க, தப்பாச் செஞ்சா கூடிடும்னு சொல்லியிருக்காங்கன்னுட்டாரு. நான், விடுங்க மாப்பிள்ளை, ஒரு நாள்தானே, ஒக்காருங்க, எப்ப வேணாலும் கூப்பிட்டுடுவாங்கன்னேன். ஒக்காந்தாரு. கையை ரெண்டு கக்கத்துலயும் சொருகிக்கிட்டு ஒக்காந்திருந்தாரு.

ஏதோ கூரைப்புடவை மாத்தற தாமதம். நாப்பது நிமிஷம் போச்சு. நாப்பது நிமிஷமும் அந்தக் குளிர்ல ஒக்காந்திருந்தோம். ஒரு தடவை என் பக்கம் திரும்பி, வெந்நீர் மட்டுமாவது ஒரு வாளி வாங்கிட்டு வந்துடறேன் மச்சான்னு கேட்டாரு. நான் கண்ணாலயே வேணாம்னுட்டேன். கண்ணாலதான். வாயைத் திறந்து சொல்லல.

அப்ப ஐயரு கையைத் தூக்கிட்டாரு. கெட்டிமேளம்.

எடுத்த எடுப்புல போனோம் சார். நான்தான் வேகத்தை ஏத்தினேன், அவ்வளவு பேரு பாக்கறாங்களே. பாதியில எனக்கு ஒரு பக்கக் காது வெறிச்சுன்னு ஆயிடுச்சு. பதினாலு வருஷமா அந்தக் காதுல கேட்டுக்கிட்டிருந்த சத்தம் நின்னு போச்சு. திரும்பிப் பாத்தா குச்சி அவரு கையில இல்ல. மேடை ஓரத்துல, பூவுக்கு நடுவுல கெடக்குது. அவரு இடது கையைப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்காரு. கட்டை விரல் தொங்கிப்போய் உள்ளங்கைப் பக்கம் மடிஞ்சு கெடக்கு. வலின்னு முகம் சுளிக்கல. ஆச்சரியப்பட்ட மாதிரிதான் பாத்துக்கிட்டிருந்தாரு.

நான் என்ன செஞ்சேன் தெரியுமா? ரெண்டு தவிலுக்கும் சேத்து நான் ஒருத்தனே வாசிச்சேன். ஒரு ஆளுக்கும் தெரியல. தாலி ஏறி, அட்சதை விழுந்து, போட்டோ எடுத்து எல்லாம் முடிஞ்சுது. அந்தச் சம்பந்தி வந்து, மேளம் பிரமாதம்னு சொல்லிட்டுப் போனாரு. எனக்கு அந்த நேரத்துல சந்தோஷமாத்தான் இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன்.

விரலைத் தூக்கற நரம்பு அறுந்து போச்சுன்னாங்க. ஒரே நாள்ல அறுந்ததில்லையாம், கொஞ்சம் கொஞ்சமாத் தேஞ்சு தேஞ்சு அன்னைக்கு விட்டுருச்சாம். அப்ப அன்னைக்கு அதைச் செஞ்சிருந்தாலும் அறுந்துதான் இருக்கும், இல்லையா சார்? நான் டாக்டர்கிட்ட கேட்டேன். அதை இப்ப யாரு சொல்ல முடியும்னுட்டாரு. படிச்சவங்க, ஒண்ணு ஆமாங்கணும், இல்ல இல்லேங்கணும்.

தஞ்சாவூர்ல ஆபரேஷன். ஆள்காட்டி விரல்லேர்ந்து ஒரு நரம்பை எடுத்துக் கட்டை விரலுக்கு வச்சுத் தைச்சிருக்காங்க. நல்லாத்தான் பண்ணியிருக்காங்களாம். ஆனா தினம் பயிற்சி செஞ்சாத்தான் அந்த நரம்புக்கு இது நம்ம வேலைன்னு தெரியுமாம். மூணு மாசத்துக்குள்ள பழக்கணும், அப்பறம் இறுகிப்போனா இறுகினதுதான்னு அந்தத் திருவாரூர்ப் பொண்ணு சொல்லியிருக்கு. மூணு மாசம் ஆக இன்னும் பதினெட்டு நாள் இருக்கு. நான் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்.

மாப்பிள்ளை செய்ய மாட்டேங்கறாரு சார். விரலைத் தொட விடமாட்டேங்கறாரு. சுவரைப் பாத்துப் படுத்துக்கறாரு.

நான் சும்மா இல்ல. சுருதிப் பெட்டி போட வாங்க மாப்பிள்ளை, மேளத்தை விட்டுப் போக வேணாம்னு சொன்னேன். எத்தனை பேரு சொல்லுவாங்க? ஒரு கல்யாணத்துக்கு வந்தாரு. கெட்டிமேளம்னதும் எழுந்து வெளியில போயிட்டாரு. முடிஞ்சு போய்ப் பாத்தா செருப்பு கெடக்கற இடத்துல ஒக்காந்திருக்காரு. அதோட வரல.

மூணு தடவை குடவாசலுக்குப் போயிட்டேன். என் தங்கச்சி ஒரு சொல்லு சொல்லல. சொன்னாலாவது பரவாயில்ல. வாங்கண்ணேன்னு காபி போட்டுக் குடுக்கறா, எனக்குச் சக்கரை கூடன்னு ஞாபகம் வச்சுக் குறைச்சுப் போடறா. போன தடவை என்கிட்ட, அண்ணே, நீங்க இவரு செய்றதை அப்படியே செய்வீங்களாமே, செஞ்சு காட்டுங்களேன், சிரிச்சாவது எழுந்திரிப்பாருன்னா. அவளுக்கு யாரோ சொல்லியிருக்காங்க. நான் என்ன பண்ண? கூடத்துல நின்னு செஞ்சேன். கழுத்து, தோளு, முழங்கை. யாரும் சிரிக்கல. மாப்பிள்ளை திரும்பிப் படுத்துப் பாத்துக்கிட்டே இருந்தாரு. பத்தாவது படம், கட்டை விரலைத் தூக்கி நிறுத்தினேன். அவரு என் விரலையே பாத்தாரு. அப்பறம், நான் அப்படித்தான் இருந்தேனா மச்சான்னு கேட்டாரு.

எனக்குக் கையை எறக்கவே தெரியல.

அப்பதான் சொன்னாரு. நீங்க வருத்தப்படாதீங்க மச்சான், தப்பு என் மேலதான், அன்னைக்கு அட்டையைத் தொலைச்சது நான்தானே, ஒரு அட்டையைப் பத்திரமா வச்சுக்கத் தெரியாதவனுக்கு இனிமே பயிற்சி எதுக்குன்னாரு. தையலு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, வீடு பூரா தேடிட்டேண்ணே, எங்க போச்சுன்னே தெரியலேங்கறா. அந்தப் பொண்ணு வேற தாளு குடுத்திருக்கு. அதை அவரு கையால தொடல. தொலைஞ்ச அட்டையைப் பத்தியே பேசிக்கிட்டிருக்காரு.

ஜன்னலைக் கொஞ்சம் தள்ளுங்க சார், காத்து வரட்டும்.

இதைப் பாருங்க. இதான். தையலு போட்ட பிளாஸ்டிக் உறை, ஓரமெல்லாம் மெழுகுவத்தியில ஒட்டியிருக்கா பாருங்க. வேன் கிளம்பறதுக்கு முன்ன நான்தான் எடுத்துச் சட்டைப் பையில வச்சேன். தாலி ஏறினதும் குடுத்துடலாம்னுதான். திருடணும்னா எடுத்தேன்? ஒரே ஒரு கல்யாணம், மனுஷங்க முன்னால மானமா ஒக்காந்து வாசிக்கணும்னு எடுத்தேன். அவரு தேடும்போது சொல்லியிருக்கலாம். சொன்னா அங்கயே செய்ய ஆரம்பிச்சுடுவாரு. அவரு வேனுக்கு ஓடும்போது இது இங்கதான் இருந்துச்சு, நெஞ்சுல. ஆஸ்பத்திரியில அவரு பக்கத்துல ஒக்காந்திருக்கும்போதும் இருந்துச்சு.

மூணு தடவையும் குடுக்கத்தான் போனேன். காபியைக் குடிச்சுட்டு வந்துட்டேன். இன்னைக்கு நாலாவது. அட்டை தொலையல மாப்பிள்ளை, நான்தான் எடுத்தேன்னு ஒரு வார்த்தை. சொன்னா அவரு என்னைத் திட்டுவாரு. திட்டினா எழுந்து ஒக்காருவாரு. எழுந்து ஒக்காந்தா விரலை அசைப்பாருன்னு தோணுது. எனக்குத் தெரியாமலா இருக்கு? எல்லாம் தெரியுது சார். வாசப்படி ஏறினதும் வாய் வரமாட்டேங்குது. தையலு கையில காபி டம்ளரோட வந்ததும் நான் வெயில், மழைன்னு பேச ஆரம்பிச்சுடறேன்.

இன்னொண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க. இப்ப எனக்கும் கை வலிக்குது. இடது கைதான், அதே இடம். அதனால முகூர்த்தத்துக்கு முன்ன மண்டபத்துப் பாத்ரூமுக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு, குழாயைத் திறந்து விட்டுட்டு, பத்தையும் செஞ்சுடறேன். இன்னைக்கும் செஞ்சேன். எவனோ கதவைத் தட்டிக்கிட்டே இருந்தான். வெளியில வந்தப்ப, வயிறு சரியில்லையான்னு கேட்டான். ஆமான்னுட்டேன். அது கௌரவமா இருந்துச்சு.

நல்லா இருக்கு சார் அந்தப் பயிற்சி. உண்மையிலயே கை லேசாயிடுது. அந்தப் பொண்ணு விவரமான பொண்ணுதான்.

என்ன, குடவாசல் வந்துடுச்சா? ஆமா, கடைத்தெருதான். அந்த மருந்துக்கடை சந்துல திரும்பினா மூணாவது வீடு. சுவரைப் பாத்துப் படுத்திருப்பாரு இந்நேரம். தவிலை அப்படியே வைங்க சார், எடுக்க வேணாம். கூட்டம் எறங்கட்டும். இன்னும் பதினெட்டு நாள் இருக்குல்ல. ஞாயித்துக்கிழமை வந்தா நிதானமாப் பேசலாம். கண்டக்டர், திருவாரூருக்கு ஒரு டிக்கெட் குடுங்க. ஆமாங்க, எறங்கல.

இந்தாங்க சார். இதை நீங்க வச்சுக்கங்க. நிசமாத்தான். தினம் வேலைக்கு ஒக்கார்றதுக்கு முன்ன பத்து நிமிஷம், படத்தைப் பாத்து வரிசையாச் செய்யுங்க, அவசரப்பட வேணாம். பாருங்க, நீங்க சின்ன வயசு, கையைக் கெடுத்துக்காதீங்க. என்ன யோசிக்கறீங்க, வாங்கிக்கங்க. எனக்கு எதுக்கு சார், எனக்குத்தான் பத்தும் மனப்பாடமாச்சே.